ஐஸ் ஹாக்கி கோல்கீப்பராகத் தொழில்முறையில் ஆட ஆசையா? எங்கே தொடங்கி எப்படிப் போவது

முதலில் ஒரு கணக்கு. வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில் 32 அணிகள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி 18 ஸ்கேட்டர்களையும் 2 கோல்கீப்பர்களையும் இறக்கும். அப்படியென்றால் உலகத்திலேயே உச்சமான அந்த லீக்கில் இந்த வேலைக்கு ஏறக்குறைய 64 இடங்கள்தான், அதிலும் அன்றைக்கு வலைக்கு முன்னால் நிற்கப்போகிறவர்கள் 32 பேர். முன்வரிசை ஆட்டக்காரர் சரியாக ஆடாவிட்டால் பயிற்சியாளர் அவரை நான்காவது வரிசைக்குத் தள்ளிவிட்டாவது ஆடவைப்பார். கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது, நின்றால் 60 நிமிடமும் நிற்க வேண்டும், இல்லையென்றால் பெஞ்சில் உட்கார வேண்டும்.

அதனால் இது பெரும்பாலும் காத்திருக்கிறவர்களின் தொழில். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நம்பிக்கைக்காகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் ஆடுகிறவர்கள் தாமதமாகத்தான் முதிர்கிறார்கள், 18 வயதில் யாரும் கண்டுகொள்ளாதவர் 28 வயதில் உலகின் முதல் வரிசைக்கு வருவது இங்கே பலமுறை நடந்திருக்கிறது. டொமினிக் ஹாஷெக் 1983 டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடுக்கும் தேர்வில், 199வது ஆளாகத் தேர்வானவர். என்எச்எல்லில் நிலையான முதல் கோல்கீப்பராக அவர் ஆனபோது வயது 28ஐத் தாண்டிவிட்டது, அப்புறம் 1997, 1998 இரண்டு ஆண்டும் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கினார், 1998 நகானோ ஒலிம்பிக்கில் செக் அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தார். ஹென்ரிக் லண்ட்க்விஸ்ட் 205வது, பெக்கா ரின்னே 258வது. செர்கெய் பாப்ரோவ்ஸ்கியை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. எனவே கீழே எழுதியிருக்கும் ஒவ்வொரு படியையும் அவசரப்படாமல் படியுங்கள், நீங்களே ஆடப்போகிறவரானாலும் சரி, பிள்ளையைச் சேர்க்கப்போகிற பெற்றோரானாலும் சரி.

முதல் படி: ஸ்கேட்டிங்

கோல்கீப்பர் ஒரே இடத்தில்தானே நிற்கிறார், ஸ்கேட்டிங் கொஞ்சம் சுமாராக இருந்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் அதிகம், ஸ்கேட்டிங் வராத பிள்ளையை வலைக்கு முன்னால் நிறுத்துகிற பழக்கமும் இருக்கிறது. நேர் தலைகீழ். அணியிலேயே தூய்மையாக ஸ்கேட் செய்யத் தெரிந்தவர் கோல்கீப்பராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் நகர்வது ஓர் அடி, இரண்டு அடி, அதற்குள் கிளம்பி, நின்று, மறுபடி கிளம்ப வேண்டும், அதுவும் பக் எனப்படும் ரப்பர் வட்டைப் பார்த்தபடியே.

எட்டு ஒன்பது வயது வரை எல்லா இடத்திலும் மாறி மாறி ஆடட்டும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதில் முழுநேரக் கோல்கீப்பர் ஆனால் போதும், எதுவும் கெட்டுப்போகாது. அதன்பின் மூன்று நகர்வுகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று ஷஃபிள்: உடல் பக்கைப் பார்த்தபடியே இருக்க, பக்கவாட்டில் சின்னச் சின்னதாக நகர்வது. இரண்டாவது டி-புஷ்: ஒரு ஸ்கேட்டைப் போகவேண்டிய திசைக்குத் திருப்பி, மற்றொன்றால் பலமாகத் தள்ளிப் பெரிய தூரம் போவது. மூன்றாவது, முட்டி போட்டு விழுந்த நிலையிலேயே ஒரு காலை ஊன்றித் தள்ளிச் சறுக்குவது. மூன்றிலும் நகர்வதைவிட நிற்பதுதான் கடினம். பக் அடிக்கப்படும் நொடியில் நீங்கள் இன்னும் மிதந்துகொண்டிருந்தால் உடல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், எதிர்ப்பக்கம் வரும் பக்குக்குக் கை போகாது.

கோல்கீப்பர் ஸ்கேட் வேறு மாதிரியானது. பிளேடு தட்டையாக, நீளமாக இருக்கும், உயரம் குறைவு, பூட்ஸின் பின்பக்கம் குட்டையாக இருக்கும், முழங்காலை ஆழமாக மடக்க அது தேவை. தொடக்கத்தில் சாதாரண ஸ்கேட்டிலேயே பழகலாம், ஆனால் முழுநேரமாக இறங்கியதும் மாற்றிவிடுங்கள். பிளேடைத் தீட்டுவதிலும் கவனம் வேண்டும்: நடுப் பள்ளம் ஆழமாக இருந்தால் பனியை நன்றாகக் கவ்வும், தள்ள வசதி, ஆனால் பக்கவாட்டில் வழுக்க வேண்டிய இடத்தில் சிக்கும். யாருக்கு எவ்வளவு என்பது உடல் எடையையும் பனியின் கடினத்தையும் பொறுத்தது, ஒரே ஆளிடம் தொடர்ந்து தீட்டக் கொடுத்து, அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கருவிகள்

இது செலவு பிடிக்கிற இடம், ஒளித்துப் பேசி என்ன பயன். தொழில்முறைத் தரத்தில் ஒரு ஜோடி கால் பேட் மட்டுமே புதிதாக 1,500 அமெரிக்க டாலருக்கு மேல் போகும். பாவர், சிசிஎம், வான், வாரியர், ட்ரூ எனப் பல நிறுவனங்கள் செய்கின்றன. வளரும் பிள்ளைக்கு அதெல்லாம் தேவையில்லை. என் பரிந்துரை: கால் பேட், ப்ளாக்கர் (ஸ்டிக் பிடிக்கும் கைக்கான தட்டைக் காப்பு), கேட்சிங் கிளவ் (மற்றக் கையால் பக்கைப் பிடிக்கும் கையுறை) மூன்றையும் பயன்படுத்தியதாக வாங்கலாம். மாஸ்க், கழுத்துக் காப்பு, மார்புக் காப்பு, இடுப்புக்குக் கீழான கப் நான்கையும் புதிதாக, சரியான அளவில், பாதுகாப்புச் சான்று உள்ளதாக வாங்குங்கள், இதில் பேரம் வேண்டாம்.

பேட் வாங்கும்போது “அடுத்த வருஷமும் ஆகட்டும்” என்று பெரிதாக வாங்குவதுதான் அதிகம் பார்க்கிற தவறு. முட்டி போடும்போது முழங்கால், பேட்டின் உள்பக்க முழங்கால் மெத்தையின் நடுவில் உட்கார வேண்டும். பேட் நீளமாக இருந்தால் முழங்கால் அதற்குக் கீழே பனியில் மோதும், பேட் திரும்பாமல் போகும், இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மூடாது. கடையில் போட்டுப் பார்க்கும்போது நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, தரையில் பத்து முறையாவது முட்டி போட்டு எழுந்து பாருங்கள். என்எச்எல்லில் 2005-06 சீசன் முதல் கால் பேட்டின் அகலம் 11 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்கு முன் 12 அங்குலம் வரை இருந்தது. உயரமும் ஆளின் உடல் அளவுக்குத் தக்கபடிதான். பெரிய பேட்டை நம்பிப் பழகினால் பின்னால் சட்டம் வந்து பிடிக்கும்.

மாஸ்க் பற்றி இன்றைக்கு யாரும் விவாதிப்பதில்லை. ஆனால் 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆண்டி பாத்கேட் அடித்த பக் மான்ட்ரியல் கோல்கீப்பர் ஜாக் ப்ளான்ட்டின் முகத்தைக் கிழித்த பிறகுதான், தையல் போட்டுக்கொண்டு வந்த அவர், மாஸ்க் இல்லாமல் திரும்ப இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தார், அதிலிருந்துதான் அது நிலைத்தது. அவரது காலத்தவரான க்ளென் ஹால் தொடர்ந்து 502 லீக் ஆட்டங்களை முகத்தில் எதுவும் இல்லாமல் ஆடியவர். அதை வீரம் என்று பாராட்டலாம், பின்பற்றக்கூடாது. கழுத்துக் காப்பும் அப்படித்தான்: 1989 மார்ச்சில் பஃபலோ கோல்கீப்பர் க்ளின்ட் மலார்ச்சுக்கின் கழுத்தை ஒரு ஸ்கேட் பிளேடு அறுத்தது, மயிரிழையில் பிழைத்தார். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடம் ஜான்சன் என்ற முன்வரிசை ஆட்டக்காரர் இதேபோன்ற காயத்தால் இறந்துபோனார். உங்கள் லீக்கின் விதி என்ன சொன்னாலும் சரி, கழுத்துக் காப்பு இல்லாமல் பயிற்சிக்குக்கூடப் பனியில் கால் வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: எங்கே நிற்பது

வலையின் வாய் 6 அடி அகலம், 4 அடி உயரம். பக் 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், ஏறக்குறைய 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர், ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள், துள்ளல் குறைய. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டர் தூரத்திலிருந்து வந்தால் கால் நொடிக்கும் குறைவான நேரம். கண் பார்த்து மூளை புரிந்து கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய அவ்வளவு ஆகும். ஆகவே நல்ல கோல்கீப்பர் வேகமான கையால் மட்டும் தடுப்பதில்லை, பக் வரும் வழியில் முன்கூட்டியே போய் நிற்கிறார்.

இதைப் புரிந்துகொள்ள மிகப் பழைய ஒரு பயிற்சி இருக்கிறது, ஒரு கயிறு போதும். கயிற்றின் இரண்டு நுனிகளையும் வலையின் இரண்டு கம்பங்களில் கட்டி, நடுப்பகுதியை பக் இருக்கும் இடத்துக்கு இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். அதற்குள் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கயிறு உங்கள் உடலிலிருந்து தள்ளியே இருக்கும், அவ்வளவும் கோல் போகிற வழி. ஒவ்வோர் அடியாக முன்னால் வாருங்கள், கயிறு நெருங்கி நெருங்கி ஒரு கட்டத்தில் தோளை உரசும். அவ்வளவுதான் தேவை, அதற்குமேல் வெளியே வந்தால் எதிராளி பக்கத்தில் இருக்கிறவருக்குத் தள்ளிவிட்டுக் காலி வலையில் அடிப்பார். பக்கை நகர்த்தி நகர்த்தி இதையே செய்து பாருங்கள், ஒரு மணி நேரத்தில் புரிவது பத்துக் கட்டுரை படித்தாலும் புரியாது.

அடுத்தது கண். அடிப்பவரின் முகத்தையோ தோளையோ பார்க்காமல் ஸ்டிக்கின் பிளேடில் இருக்கும் பக்கைப் பார்க்க வேண்டும், அது கிளம்பி உங்கள் பேடில் பட்டுத் தெறித்து எங்கே போகிறது என்பது வரைக்கும் தலை அதனுடனேயே திரும்ப வேண்டும். பேடில் படும் கணத்தில் கண்ணை எடுத்துவிடுகிற பழக்கம் ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும், ரீபவுண்ட் கோல்களில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. தடுத்த பிறகு பக் எங்கே போகவேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்: மூலைக்குத் தள்ளுங்கள், கிளவ்வில் பிடியுங்கள், மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், நடுவில் மட்டும் விடாதீர்கள்.

பட்டர்ஃபிளை என்பது இரண்டு முழங்காலையும் சேர்த்து விழுந்து, கீழ்க்கால்களை இரு பக்கமும் விரித்துப் பனியோடு ஒட்டி மூடுவது. க்ளென் ஹால், டோனி எஸ்பொசிட்டோ ஆகியோர் தொடங்கிவைத்ததை, பயிற்சியாளர் ஃப்ரான்ஸ்வா அல்லேரோடு சேர்ந்து பட்ரிக் ருவா 1980களின் நடுவிலிருந்து உலகத்துக்கே பாடமாக்கினார். இன்று எல்லோரும் இதைத்தான் ஆடுகிறார்கள். ஆனால் புதியவர்கள் எல்லா பக்குக்கும் விழுகிறார்கள், அதுவும் அடிப்பதற்கு முன்பே. விழுந்த கோல்கீப்பரின் தோளுக்கு மேலே பெரிய காலி இடம் இருக்கிறது, கொஞ்சம் விவரமான ஆட்டக்காரர் ஒரு நொடி தாமதித்தால் போதும். நின்றுகொண்டே காத்திருக்கப் பழகுங்கள். வலைக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு காலைக் கம்பத்தோடு ஒட்டிப் படுக்கவைத்துச் சாய்கிற ஆர்விஎச் முறையும் அப்படியே: மிகப் பயனுள்ளது, ஆனால் தூரத்தில் கோணத்தில் நிற்கிறவருக்கெல்லாம் அதைப் போட்டால் காதோரம் மேலே அடித்துவிட்டுப் போவார்.

ஆட்டத்துக்குள் கவனிக்க ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு பீரியட் தொடக்கத்திலும் பனித்தளம் புதிதாக மெழுகியது போல் இருக்கும். பெரிய கோல்கீப்பர்கள் வந்ததும் முதல் வேலையாக, வலைக்கு முன்னால் கிரீஸ் எனப்படும் நீல நிறப் பகுதி முழுக்க ஸ்கேட்டைப் பக்கவாட்டில் வைத்துச் சரக் சரக் என்று சுரண்டுவார்கள், பனி தூளாகிச் சொரசொரப்பாகும், தள்ளும்போது பிடி கிடைக்கும். அந்தத் தூளைக் கம்பத்தின் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். ஸ்டிக்கால் இடது கம்பம், வலது கம்பம் எனத் தட்டிப் பார்ப்பதும் பழக்கத்துக்காக மட்டும் அல்ல, திரும்பிப் பார்க்காமலேயே வலை எங்கிருக்கிறது என்று உடம்புக்குச் சொல்லிவைப்பது அது. இதை நீங்களும் முதல் நாளிலிருந்து செய்யுங்கள்.

உடம்பைப் பற்றி, தனியாக

இடுப்பு மூட்டுதான் இந்தத் தொழிலின் பலவீனமான இடம். பட்டர்ஃபிளையில் தொடை உள்பக்கம் திரும்பியபடி உடல் எடை முழுக்க விழுகிறது, அதை வளரும் வயதில் ஆயிரக்கணக்கான முறை செய்யும்போது தொடை எலும்பின் தலையும் இடுப்புக் குழியும் உரசிக்கொள்ளும் கோளாறு கோல்கீப்பர்களிடம் அதிகம் காணப்படுகிறது. பிள்ளையின் கால் மற்றவர்களைப் போல அகலமாக விரியவில்லை என்றால் அழுத்தி விரிக்க வேண்டாம், எலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. கவட்டையில் குத்துகிற மாதிரி வலி வந்தால் “நீட்டிப் பயிற்சி செய்தால் சரியாகிவிடும்” என்று சொல்கிறவர்களைக் கேட்காமல் மூட்டு மருத்துவரிடம் போங்கள். கோடையில் இரண்டு மூன்று மாதமாவது வலையை விட்டு விலகி வேறு விளையாட்டு ஆடட்டும். பனிக்கு வெளியே பிட்டத் தசை, அடிவயிறு, உள்தொடை மூன்றையும் பலப்படுத்துவதுதான் முக்கியம், கை புஜம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அத்தனை காப்புகளுக்குள்ளே உடம்பு கொட்டுகிற வேர்வை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, வாதம் கிடையாது.

நான்காம் படி: எந்த வழியாக மேலே போவது

கனடாவில் 16 முதல் 20 வயது வரைக்குமான பெரிய ஜூனியர் ஹாக்கி மூன்று லீக்குகளாக நடக்கிறது, ஒன்டாரியோ, கியூபெக், மேற்குப் பகுதி. மூன்றும் சேர்ந்தது சிஎச்எல். அமெரிக்காவில் யுஎஸ்எச்எல், அதற்கு அடுத்தபடியாக என்ஏஎச்எல், அங்கிருந்து என்சிஏஏ கல்லூரி ஹாக்கி. முன்பு சிஎச்எல்லில் ஆடிவிட்டால் அமெரிக்கக் கல்லூரி அணிக்குப் போக முடியாது, 16 வயதிலேயே வாழ்க்கை முழுவதற்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் அந்த விதி மாற்றப்பட்டு, 2025 ஆகஸ்ட் 1 முதல் சிஎச்எல் ஆட்டக்காரர்களும் கல்லூரிக்குப் போகலாம் என்றாகிவிட்டது. கோல்கீப்பர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. 20 வயதுவரை ஜூனியர், அதற்குமேல் கல்லூரி என்றால் 23, 24 வயது வரை முழுநேரம் வளர இடம் கிடைக்கிறது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இந்த விஷயத்தில் முடிவு எடுக்காதீர்கள்.

ஐரோப்பாவில் கிளப் முறை. ஒரே கிளப்பின் 18 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் அணிகள், அப்புறம் பெரியவர்கள் அணி. ஃபின்லாந்தில் மேல் லீக் லீகா, ஸ்வீடனில் எஸ்எச்எல். ஃபின்லாந்துக்காரர்கள் கோல்கீப்பர் பயிற்சியைத் தனித் துறையாகவே வளர்த்தவர்கள். லீகாவின் சிறந்த கோல்கீப்பர் விருதுக்கு ஊர்போ யூலோனென் என்ற கோல்கீப்பரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆடி முடித்து அந்தப் பயிற்சி மரபைக் கட்டியெழுப்பியவர் அவர். ஓர் அணியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரைவிட இரண்டு கேள்விகள் முக்கியம்: அங்கே தனிக் கோல்கீப்பர் பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? போன சீசனில் இரண்டாவது கோல்கீப்பர் எத்தனை ஆட்டம் ஆடினார்? பெரிய அணியில் பெஞ்சில் உட்காருவதைவிடச் சின்ன அணியில் வாரம் இரண்டு ஆட்டம் 35 ஷாட் வாங்குவது 17 வயதில் பல மடங்கு மேல்.

இதற்குக் கானர் ஹெல்லபக்கை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மிச்சிகனில் உயர்நிலைப்பள்ளி அணியில் ஆடினார், பெரிய ஜூனியர் லீக் எதிலும் இல்லை. அப்புறம் டெக்சாஸில் ஒடெஸா என்ற ஊரின் என்ஏஎச்எல் அணி, ஒரே சீசன். 2012ல் வின்னிபெக் ஐந்தாவது சுற்றில் 130வது ஆளாக எடுத்தது. அதன்பின் மாசசூசெட்ஸ் லோவெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு. 2025ல் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா, ஹார்ட் இரண்டு கோப்பையும் அவர் கையில்.

டிராஃப்ட் ஏழு சுற்று, 32 அணி, 224 பேர். முதல் இடத்திலேயே எடுக்கப்பட்ட கோல்கீப்பர்களும் உண்டு, 2000ல் ரிக் டிபியெட்ரோ, 2003ல் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி. ஆனால் அணிகள் பொதுவாகத் தயங்குகின்றன, 18 வயதில் கோல்கீப்பரை எடைபோடுவது கடினம் என்பது அவர்களுக்கே தெரியும். அதனால் டிராஃப்ட் நாளில் பெயர் வரவில்லையென்றால் அழுதுவிட்டு மறுநாள் பயிற்சிக்குப் போய்விடுங்கள். எடுக்கப்படாதவர்களையும் அணிகள் பயிற்சி முகாமுக்கு அழைக்கும், ஒப்பந்தமும் போடும்.

பெண்களுக்கு: கல்லூரி ஹாக்கி, அதன்பின் 2024 ஜனவரி 1 அன்று ஆறு அணிகளோடு தொடங்கிய பெண்களுக்கான தொழில்முறை லீக்கான பிடபிள்யூஎச்எல். 2025-26ல் சியாட்டில், வான்கூவர் சேர்ந்து எட்டு அணிகள் ஆயின. சம்பளம் ஆண்கள் லீக்கோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு, முதல் சீசனின் குறைந்தபட்சம் 35,000 டாலர். இருந்தாலும் இப்போது ஹாக்கியைத் தொழிலாகவே செய்ய ஓர் இடம் இருக்கிறது. 1992 செப்டம்பரில் மனோன் ரேயோம் டாம்பா பே அணிக்காக ஒரு முன்னோட்ட ஆட்டத்தில் வலைக்கு முன் நின்றபோது பெண்களுக்கென்று அப்படி எந்த லீக்கும் இல்லை.

ஐந்தாம் படி: முதல் ஒப்பந்தமும் கீழ் லீக் வாழ்க்கையும்

18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திட்டால் முதல் என்எச்எல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. அதில் இரண்டு சம்பளம் எழுதியிருக்கும்: மேலே ஆடினால் ஒரு தொகை, அதற்கு அடுத்த கீழ் லீக்கான ஏஎச்எல்லில் ஆடினால் ஒரு தொகை. 2025-26ல் என்எச்எல் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 775,000 டாலர், உச்சியில் இகோர் ஷெஸ்டெர்கின் நியூயார்க் ரேஞ்சர்ஸோடு போட்டது 8 ஆண்டுக்கு 92 மில்லியன் டாலர். இந்த எண்களைப் பார்த்து மயங்காதீர்கள். நீங்கள் வாழப்போகும் எண் கீழ்ச் சம்பளம்தான், அதுவும் பல ஆண்டுகள். அதற்கும் கீழே இசிஎச்எல் இருக்கிறது: வாரச் சம்பளம், தங்க இடம் அணி தரும், நீண்ட பேருந்துப் பயணம். அங்கே அனுப்பினால் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். ஜோனாதன் க்விக், ப்ரேடன் ஹோல்ட்பி, ஜோர்டன் பின்னிங்டன் மூவரும் அந்த லீக்கில் ஆடித்தான் என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வரை போனார்கள்.

பின்னிங்டன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2011ல் செயின்ட் லூயிஸ் எடுத்தது, 88வது ஆள். அதன்பின் ஏழு ஆண்டுகள் ஜூனியரிலும் கீழ் லீக்குகளிலும். ஒரு சீசன் முழுக்க வேறொரு அமைப்பின் அணிக்குக் கடனாகக்கூடக் கொடுக்கப்பட்டார். 2019 ஜனவரித் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் லீக்கிலேயே கடைசி இடத்தில் கிடந்தபோதுதான் அவருக்கு முதல் முறையாகத் தொடக்கக் கோல்கீப்பர் வாய்ப்பு வந்தது, அந்த ஆட்டத்தில் ஒரு கோலும் விடவில்லை. அதே ஆண்டு ஜூனில் ஸ்டான்லி கோப்பை. அந்த ஏழு ஆண்டில் “எப்படியும் கூப்பிட மாட்டார்கள்” என்று ஒரு கோடையில் அவர் பயிற்சியைத் தளர்த்தியிருந்தால் அந்த ஜனவரியால் அவருக்கு ஒரு பயனும் இருந்திருக்காது.

ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டிய இன்னொன்று வேவர் விதி. கீழே அனுப்பும்போது மற்ற அணிகள் உங்களை எடுத்துக்கொள்ளலாம் என்கிற நிலை வருவதற்கு முன் ஒரு விலக்குக் காலம் உண்டு. 18 வயதில் கையெழுத்திட்ட கோல்கீப்பருக்கு ஆறு ஆண்டு அல்லது 80 ஆட்டம், எது முதலில் வருகிறதோ அது. விலக்கு முடியும் ஆண்டுதான் அணி உங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஆண்டு, அதைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்கேற்ப ஏஜென்டோடு பேசுங்கள். ஏஜென்ட் என்எச்எல் ஆட்டக்காரர்கள் சங்கத்தின் சான்று பெற்றவரா என்று பாருங்கள், அவரிடம் ஏற்கெனவே எத்தனை கோல்கீப்பர்கள் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள், ஒரே காலியிடத்துக்கு அவர் இரண்டு பேருக்காகப் பேசவேண்டி வரக்கூடாது.

ஆறாம் படி: இரண்டாவது கோல்கீப்பராக இருப்பது

மார்ட்டின் ப்ராடோர் பல சீசன்களில் 70 ஆட்டத்துக்கு மேல் ஆடி, 691 வெற்றி, 125 ஷட்அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்) என்ற சாதனைகளோடு ஓய்வு பெற்றார். அந்தக் காலம் போய்விட்டது. இன்று அணிகள் வேலையைப் பிரிக்கின்றன, இரண்டாவது ஆளுக்கும் 25, 30 ஆட்டம் கிடைக்கிறது, பெரும்பாலும் அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் இரண்டாவது நாள். அதனால் அந்த வேலையைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர் பத்தாண்டு கூட நிலைக்கலாம்.

செய்யவேண்டியது இதுதான். பயிற்சியில் எல்லோரும் போனபின், அன்று ஆடாத ஆட்டக்காரர்கள் கூடுதலாக அடித்துப் பழகுவார்கள், அவர்களுக்கு நின்று கொடுங்கள், அது உங்கள் ஆட்டம். ஒரு நிபந்தனை மட்டும்: ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஆட்டத்தில் நிற்கிற மாதிரியே நில்லுங்கள், சோம்பேறித்தனமாக நின்று வாங்கும் நூறு ஷாட் கெட்ட பழக்கத்தைத்தான் தரும். ஆட்டத்தின்போது பெஞ்சில் எதிரணியின் பவர்ப்ளேயை (நம் ஆள் தண்டனையில் வெளியே இருக்க, அவர்கள் ஓர் ஆள் கூடுதலாக ஆடும் நேரத்தை) கவனித்து, யார் எங்கிருந்து அடிக்கிறார் என்று முதல் கோல்கீப்பருக்கு இடைவேளையில் சொல்லுங்கள். இடைவேளைகளில் உடம்பைச் சூடாக வைத்திருங்கள், 4-0 என்று பின்தங்கிய நேரத்தில் பயிற்சியாளர் திரும்பிப் பார்த்துத் தலையை அசைப்பார், ஒரு நிமிடத்தில் நீங்கள் கிரீஸில் இருக்க வேண்டும். முதல் ஷாட்டை எப்படியாவது நன்றாகப் பாருங்கள், பிடிக்க முடிந்தால் பிடித்து விசில் வாங்குங்கள், மூச்சு நிதானத்துக்கு வந்துவிடும்.

இந்தத் தயார்நிலைக்கு எல்லை கிடையாது. 2020 பிப்ரவரி 22 அன்று டொரன்டோவில் கரோலினா அணியின் இரண்டு கோல்கீப்பர்களும் காயமடைந்தபோது, அரங்கத்தில் அவசரத்துக்கு வைத்திருந்த 42 வயது டேவிட் ஏயர்ஸ் இறங்கினார். முதல் இரண்டு ஷாட்டும் கோல். அடுத்த எட்டையும் தடுத்தார், கரோலினா வென்றது.

கோல் விட்ட பிறகு

விடுவீர்கள். சராசரியாக ஆட்டத்துக்கு மூன்று போகும். ஒரு சடங்கு வைத்துக்கொள்ளுங்கள், எதுவானாலும் சரி: மாஸ்க்கை மேலே தூக்கு, வலை மேலிருக்கும் தண்ணீர் பாட்டிலை எடு, ஒரு மடக்கு குடி, எதிரே தூரத்தில் ஒரு விளம்பரப் பலகையைப் பார், கிரீஸைச் சுரண்டு, கம்பத்தைத் தட்டு. நடந்ததை அலசுவது ஆட்டம் முடிந்தபின், வீடியோவோடு, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது. மூன்று கேள்வி போதும்: சரியான இடத்தில் நின்றேனா, பக்கைப் பார்த்தேனா, அசைவு நின்றிருந்ததா. மூன்றுக்கும் ஆம் என்றால் அடித்தவர் நன்றாக அடித்தார், அவ்வளவுதான், எதையும் மாற்றாதீர்கள்.

எண்களையும் அப்படியே படியுங்கள். 30 ஷாட்டில் 27 தடுத்தால் சேவ் விகிதம் 0.900, 28 தடுத்தால் 0.933. ஒரே ஒரு பக், அதுவும் உங்கள் அணிக்காரர் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பியதாக இருக்கலாம். ஒரு வார எண்ணைப் பார்த்து ஆட்டத்தை மாற்றக்கூடாது. ஆனால் ஒரு சீசனில் 1,500 ஷாட் என்றால் 0.900க்கும் 0.915க்கும் நடுவே 22 கோல் வித்தியாசம், அங்கேதான் வேலை போவதும் நிலைப்பதும். எந்த மாதிரி ஷாட் வந்தது என்பதையும் கணக்கில் எடுக்கும் அளவுகளை இன்று அணிகள் பார்க்கின்றன, உங்கள் அணியிடம் அது இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, படிப்பு

கென் ட்ரைடன் 1971ல் வெறும் ஆறு லீக் ஆட்டங்கள் ஆடிய புதியவராக மான்ட்ரியலுக்குக் கோப்பை வாங்கித் தந்தார், அப்போதே மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார், 1973-74 சீசன் முழுக்க ஆடாமல் சட்டப் பயிற்சிக்குப் போனார், ஆறு கோப்பையோடு 1979ல் 31 வயதில் விலகினார். எல்லோராலும் அப்படி முடியாது. ஆனால் இடுப்பு எப்போது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாத தொழிலில் படிப்பை விடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. சிஎச்எல் அணிகள் அங்கே ஆடும் ஒவ்வொரு சீசனுக்கும் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணம் தருகின்றன. ஜூனியர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அது எந்தெந்தச் செலவை மூடும், தொழில்முறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் எவ்வளவு காலத்துக்குச் செல்லுபடியாகும், பாதியில் வேறு அணிக்கு மாற்றினால் யார் கட்டுவார்கள் என்ற மூன்றையும் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.